மையவாடி மதிலோரம் மஞ்சள் எண்ணிய காலம்

ஓய்வு பெற்ற அனுபவத்தை எழுத ஒரு வழுக்கைத் தலை வேண்டும், குறைந்தது ஒரு தடித்த கண்ணாடியாவது வேண்டும் என்கிறார் என் கணவர் நிஸ்தார். எனக்கு இரண்டும் இல்லை. வயது முப்பத்தொன்று. ஆனால் ஏழு வருடம் ஒரே வேலையைச் செய்துவிட்டு, பிரியாவிடைக்கு வட்டிலப்பம் சாப்பிட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளை வேறு என்னவென்று அழைப்பது? அடுத்த தவணை தொடங்கும்போது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். பிறகு நேரம் கிடைக்காது. கிடைத்தாலும் நான் ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை.

என் வேலை வண்ணத்துப்பூச்சி எண்ணுவது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், நான் பொறுத்திருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று நிஸ்தாரின் உம்மாவும் இப்படித்தான் சிரித்தார். "அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களா மகள்?" என்று கேட்டார். குடுத்தார்கள். கல்முனையில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சுற்றாடல் திட்டம் அது. நான் கள உதவியாளர். எங்கள் ஊர் நிந்தவூர் என்பதால் நிந்தவூர்ப் பாதை என் பொறுப்பு. சம்மாந்துறை வயல் பக்கமும் இடைக்கிடை போவேன்.

இப்போது என் இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். கையில் போன், போனில் ஒரு செயலி. பூச்சியைப் படம் எடுத்தால் பெயர் வந்துவிடும். முதல் கிழமையே ஒருத்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"ராத்தா, நம்மட பக்கம் ரெண்டு சாதி மஞ்சள் இரிக்காம்!"

பார்த்தேன். மாரியில் எடுத்த படத்துக்குச் செயலி ஒரு பெயர் சொல்லியிருந்தது. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் எடுத்த பழைய படத்துக்கு வேறொரு பெயர். இரண்டும் ஒரே பூச்சி. மாரியில் பிறந்தால் சிறகின் ஓரத்தில் அகலமான கறுப்புக் கரை இருக்கும். வறட்சியில் பிறந்தால் அந்தக் கரை மெலிந்து, சிறகின் அடியில் கபிலப் புள்ளிகள் தூவி, காய்ந்த இலைபோல ஆகிவிடும். செயலியைக் குறை சொல்ல முடியாது. அது மாரியில் நனைந்ததும் இல்லை, கச்சானில் மண் தின்றதும் இல்லை.

"அப்ப நீங்க எல்லாம் எப்பிடி எண்ணின ராத்தா?" என்று கேட்டாள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் பூச்சி, பிறகு மனிதர்கள்.

இந்த மஞ்சளை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். முற்றத்தில், முழங்கால் உயரத்தில், எதையோ மறந்துவிட்டுத் தேடுவதுபோலத் தாறுமாறாகப் பறந்துபோகும் சின்ன எலுமிச்சை மஞ்சள். உயரப் போகாது. எங்காவது இருந்தால் சிறகை மூடிக்கொண்டுதான் இருக்கும், விரித்துக் காட்டாது. தாய்ப்பூச்சி பறந்து பறந்து தேடுவது பெரும்பாலும் தகரைச் செடியை. மழைக்குப் பிறகு வெறும் வளவுகளிலும் தெருவோரத்திலும் தானாக முளைக்கும் அந்தச் செடிதான். எங்கள் வீடுகளில் அதன் குருத்தைக் கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டுவோம். ஆகவே எனக்கும் அந்தப் புழுவுக்கும் ஒரே கறி.

தாய் இலைமேல் இறங்கிக் காலால் தட்டிப் பார்க்கும். வண்ணத்துப்பூச்சிக்கு ருசி தெரிவது காலில். பிடித்துப்போனால் ஒரு முட்டை வைக்கும். ஒன்றே ஒன்று. அரிசிக் குறுனல் ஒன்றை நட்டு வைத்த மாதிரி வெள்ளையாக நிற்கும். பிறகு அடுத்த செடிக்குப் போய்விடும், ஒரே இலையில் எல்லாப் பிள்ளையையும் வைத்தால் சாப்பாடு காணாதே! முட்டையில் இருந்து வரும் புழு தகரைப் பச்சையை அப்படியே அச்செடுத்தது. பக்கவாட்டில் வெளிறிய ஒரு கோடு. இலையின் நடு நரம்போடு நீட்டிப் படுத்துக்கொண்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடும். தின்று, தோல் கழற்றி, மறுபடி தின்று வளர்ந்தபின் ஒரு தண்டைப் பிடித்து வால் நுனியை ஒட்டிக்கொள்ளும். இடுப்பைச் சுற்றிப் பட்டு நூலால் ஒரு கட்டு. அவ்வளவுதான், கூட்டுப்புழு. யாரோ ஓர் இலையை இரண்டாக மடித்துத் தண்டில் தொங்கவிட்டதுபோல இருக்கும். வெளியே வருவதற்கு முதல் நாள் அந்தத் தோல் கண்ணாடிபோல ஆகி உள்ளே மஞ்சள் தெரியும். அந்த நாளில் அதைக் கண்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், பிழை, திரும்ப வெயில்.

என் மேலதிகாரி கலாவதி மிஸ். தம்பிலுவில் ஆள். காலையில் அக்கரைப்பற்று வழியாக பஸ்ஸில் வருவார், கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. அந்தக் குடையைத் தலைக்குமேல் பிடித்து நான் கண்டதே இல்லை. மிஸ் என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர், ஆனால் நடையில் நான் பின்னுக்குத்தான். ஏச மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். நான் ஏதாவது கண்டதாகச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி.

"கண்டயா மகள், நினைச்சயா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் மாதம் நான் சொன்னதில் பாதி நினைத்ததாகவே முடிந்தது.

எண்ணும் முறையைச் சொல்கிறேன். பாதையை முதலிலேயே தீர்மானித்துவிடுவோம், பிறகு அது மாறாது. இன்றைக்குப் பூ அந்தப் பக்கம் கூட என்று அந்தப் பக்கம் போக முடியாது. வெயில் ஏறிய பிறகு, காற்று அடங்கியிருந்தால் மட்டுமே நடை. வேகம் ஒரே வேகம், அடக்கத்துக்குக் கொண்டுபோகும் ஜனாஸாவுக்குப் பின்னால் நடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முன்னால் நாலைந்து காலடித் தூரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்குள் வருவது கணக்கு. பக்கத்தால், முதுகுக்குப் பின்னால் வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில்லை. எனக்கு இது பெரிய தண்டனை. என் கழுத்து சும்மா இருக்காது. "திரும்பாத மகள்," என்று பின்னால் இருந்து மிஸ் சொல்வார். எப்படித்தான் தெரியுமோ, நான் திரும்புவதற்கு முதலே சொல்வார்.

புழுவை எண்ணுவது வேறு வேலை. அதற்குத்தான் குடை. குடையை விரித்து மல்லாத்தி, செடிக்கு அடியில் பொரிக்கிற தாச்சியைப் போலப் பிடிப்பது. மற்றக் கையில் ஒரு சின்னத் தடி. தண்டில் பைய இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு வேண்டாம், கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிற பிஞ்சுப் புழுவெல்லாம் காயப்படும். கறுப்புத் துணியில் பச்சைப் புழு விழுந்தால் குருடனுக்கும் தெரியும். எண்ணிவிட்டு அதே செடியில் திரும்ப விட்டுவிட வேண்டும். பக்கத்துச் செடியில் விடுவது மிஸ்ஸுக்குப் பிடிக்காது. "அதுட வீடு அது. நீ ஆர் வீடு மாத்த?" என்பார்.

சம்மாந்துறையில் எங்களுக்கு வேலை குறைவு. வரம்பெல்லாம் களைநாசினி அடித்து, தகரை முளைத்த கையோடு சுருண்டுவிடும். வாய்க்கால் ஓரத்தில் ஒன்றிரண்டு தப்பும். அதற்காக விவசாயியோடு சண்டைக்குப் போக முடியுமா? அந்த நெல்லில்தானே நானும் தின்கிறேன். எண்ணிக் குறித்துவிட்டு வந்துவிடுவோம்.

நிந்தவூரில் முதல் நல்ல இடம் பள்ளிவாசல் பின்வாசல். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுள் தொட்டியில் இருந்து வழியும் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலால் வெளியே வந்து மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் மஞ்சள்கள் வரிசையாக இருந்து தண்ணீர் குடிக்கும். மண்ணில் இருக்கும் உப்பு அவற்றுக்குத் தேவை. நானும் மிஸ்ஸும் ஒருநாள் அந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றோம். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த ஆதம்பாவா மரைக்கார் எங்களைக் கண்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழி வம்சத்துக்கும், பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார், குடிச் சனத்துக்காகக் கதைக்கிறவர் அவர். இவர் எங்கள் குடிக்கு.

"என்ன புள்ள, பள்ளித் தண்ணியில என்ன களவு போகுது?"

"களவு இல்ல மரைக்கார். வண்ணாத்திப்பூச்சி தண்ணி குடிக்குது, எண்ணுறம். இதுல இரிக்கிறது எல்லாம் ஆண்."

குனிந்து பார்த்தார். மஞ்சள்கள் எல்லாம் ஒரே திசைக்கு முகத்தை வைத்து, சிறகை மூடி, தோளோடு தோள் ஒட்டி வரிசையில் இருந்தன.

"ஆம்புளையள் மட்டும், சஃப்பும் நேராத்தான் நிக்குது," என்றார். "அப்ப ஜமாஅத்துக்குத்தான் வந்திரிக்காங்க. எண்ணுங்க, எண்ணுங்க. நம்மட ஆக்கள விடக் கூட வாறாங்களா எண்டு எனக்கும் சொல்லுங்க."

அன்றில் இருந்து மரைக்கார் எங்களுக்கு வேண்டப்பட்ட ஆள்.

ஆனால் அவை பிறக்கிற இடம் பள்ளிவாசல் இல்லை. அது மையவாடி, எங்கள் அடக்கத்தலம்.

கடலுக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் மையவாடி. என் மூக்களவு மதில். எங்கள் கரையோரத்தில் வயலுக்கு மருந்து, வளவுக்கு வீடு, வீதிக்குக் கொங்கிறீற்று. வருடக்கணக்காக யாரும் உழாத, மருந்து அடிக்காத மண் என்று பார்த்தால் அடக்கம் செய்யும் மண் ஒன்றுதான். மாரி பெய்தால் உள்ளே தகரை இடுப்பளவுக்கு எழும்பும். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. ஆகவே என் பாதை மதிலுக்கு வெளியே. குதிக்காலை உயர்த்திக்கொண்டு, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நடப்பேன். ஏழு வருடத்தில் என் கெண்டைக்கால் இரண்டும் பந்துவீச்சாளருக்கு இருப்பதுபோல ஆகிவிட்டன.

இனி நான் சொல்ல வந்த அந்த மாரி. மழை பிந்தியது, தகரையும் பிந்தியது. நோன்பு மட்டும் வழக்கம்போல முந்தி வந்தது. நோன்புக்கு முன்பு மையவாடியைத் துப்புரவாக்குவது விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மாரின் வேலை. கழகத்தின் செயலாளர் யார் என்றால், என் வீட்டில் சோறு தின்கிறவர்தான்.

"வெள்ளிக்கிழம காலையில மையவாடி சிரமதானம்," என்றார் நிஸ்தார், மீன் முள்ளை எடுத்தபடி. "புல்லு வெட்டுற மெசின் மூண்டு சொல்லியாச்சு."

கையிலிருந்த பிடியைத் தட்டிலேயே வைத்தேன். அந்தக் கிழமைதான் மதிலோரத்தில் நின்று பார்த்தால் தகரையில் இலைக்கு ஒரு கடி தெரிந்தது. எங்கும் புழு. தண்டுகளில் கூடும் கட்டத் தொடங்கியிருந்தன. மெசின் போனால் முட்டை, புழு, கூடு எல்லாம் ஒரே காலையில் கூழாகிவிடும். எங்கள் கரையில் மஞ்சள் பிறக்க இதைவிட்டால் இடமும் இல்லை.

"மச்சான், ரெண்டு கிழம பிந்த ஏலாதா?"

"ஏலா. நோன்பு உனக்காகப் பிந்துமா? போன மாசம் ஜனாஸா கொண்டு போகக்குள்ள கபுர்க்குழி கிண்டப் போனவனுக்குப் பாம்பு கடிச்ச. அல்லாட காவல், ஆள் தப்பிட்டான். உனக்குப் புழு, எனக்குப் பாம்பு. நீயே சொல்லு புள்ள, எத முதல்ல பாக்க?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு. மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு மிஸ்ஸுக்கு அழைத்தேன். நான் கத்தி முடிக்கும்வரை மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புழு எவடத்த இரிக்கு மகள்?"

"மையவாடிக்குள்ள மிஸ்!"

"மையவாடிக்குள்ள எவடத்த? கபுருக்கு மேல நிக்கிற செடியிலயா, நடக்கிற பாதையிலயா?"

எனக்குத் தெரியாது. மதிலில் இருந்து பார்த்தால் முன்வரிசைதான் தெரியும். கண்டதாக நினைத்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த நாள் மரைக்காரிடம் போனேன். சிரமதானத்தை நிறுத்த முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஆனா கபுருக்கு மேல பச்சையா நிக்கிறதப் புடுங்கிற வழக்கம் நமக்கு இல்ல. பச்ச நிக்குமட்டும் அது அல்லாவ நினைச்சுத் திக்ர் செய்யும், உள்ள இரிக்கிற மையத்துக்கு அது ஆறுதல். காய்ஞ்சாப் புடுங்கலாம். மெசின் வந்த பொறகுதான் பொடியன்மார் எல்லாத்தையும் ஒரே சீவாச் சீவுறாங்க. நான் பள்ளியில சொல்லுறன். பாதைய வெட்டட்டும், இடைவெளிய வெட்டட்டும். கபுருக்கு மேல கை வைக்கப்படாது."

இந்த விடயத்தில் ஊரில் எல்லோருக்கும் ஒரே கருத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளியில் கூடிய கூட்டத்தில் மரைக்காரின் சொல் நின்றது. நான் வீட்டுக்குப் பறந்து வந்தேன்.

புழு கபுருக்கு மேல் நிற்கும் செடிகளில் இருந்தால் தப்பிவிடும். இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நானும் போக முடியாது, மிஸ்ஸும் போக முடியாது. வியாழக்கிழமை காலை மிஸ் தம்பிலுவிலில் இருந்து வந்து இறங்கி, குடையை நிஸ்தாரின் கையில் கொடுத்தார். மதிலோரம் மண் இறக்க வந்த ட்ரெக்டர் ஒன்று நின்றது. அதன் பெட்டியில் நானும் மிஸ்ஸும் ஏறி நின்றோம். நிஸ்தார் உள்ளே போனார்.

"மல்லாத்திப் புடிங்க மச்சான்! மழைக்குப் புடிக்கிற மாதிரிப் புடிச்சா எதுல விழும்?"

"சனம் பாத்தா என்ன சொல்லும்?"

"அவடத்த இரிக்கிற சனம் ஒண்டும் சொல்லாது. தட்டுங்க."

தட்டினார். குடைக்குள் பார்த்தார். குடையைத் தன்னிடம் இருந்து எவ்வளவு தூரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் பிடித்தார்.

"இது சொறியுமா?"

"தம்பி, அதுக்குச் சொறியிற மயிரும் இல்ல, நஞ்சும் இல்ல," என்றார் மிஸ். "உங்களக் கண்டு அதுதான் பயந்து போய் இரிக்கும்."

அரை மணித்தியாலத்துக்கு மேல் கபுர் கபுராகத் தட்டினார். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார். ஒன்றும் இல்லை. பிறகு நடைபாதை ஓரம் தட்டினார். குடையைச் சரித்து எங்களுக்குக் காட்டினார். ட்ரெக்டர் பெட்டியில் இருந்தே எனக்குத் தெரிந்தது, கறுப்பில் பச்சை பச்சையாக நெளிந்தது.

யோசித்தால் காரணம் விளங்கியது. கபுர்களுக்கு மேலே வேப்பமர நிழல். அங்கே நின்ற தகரை முற்றிப்போனது. பாதையோரத்தில் வெயில் படும், மிதிபட்டு மிதிபட்டுப் புதுக் குருத்து விடும். தாய்ப்பூச்சி தேடுவது வெயிலையும் குருத்தையும். வழக்கம் காப்பாற்றிய செடியில் புழு இல்லை. புழு இருந்த செடியை நாளைக்கு மெசின் வெட்டும்.

நான் பெட்டிக்குள் அப்படியே குந்திவிட்டேன். அழுதேன் என்று நிஸ்தார் சொல்வார். மண் தூசு அது.

"மிஸ், இப்ப இதுகள எங்க கொட்ட?" என்று உள்ளேயிருந்து கேட்டார் நிஸ்தார். "எடுத்த செடியிலயே விட வேணும் எண்டு இவள் வீட்ட ஒரே பாடம் எடுப்பாள். நாளைக்கு வெட்டுப்படுற செடியில கொண்டு போய்த் திரும்பவும் விடவா?"

மிஸ் குடையைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார். ஏழு வருடத்தில் மிஸ் தடுமாறி நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

"அந்தக் கபுருக்கு மேல நிக்கிற தகரையில விடுங்க தம்பி," என்றார். "இலை கொஞ்சம் முத்தல்தான். ஆனா சாப்பாடு சாப்பாடுதான்."

நிஸ்தார் விட்டார். திரும்பி நின்று பாதையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். "ஒரு குடையால இது முடியாது," என்றார்.

அன்று பின்னேரம் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் செயலாளரின் அறிவித்தல் வந்தது: நாளை சிரமதானத்துக்கு வரும் அனைவரும் ஆளுக்கொரு குடை கொண்டு வரவும். மழை இல்லையே என்று ஒருவன் வானிலைப் படம் அனுப்பினான். செயலாளருக்குக் காய்ச்சலா என்று இன்னொருவன் கேட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கொளுத்துகிற வெயிலில், முப்பது பேரளவில், குடையை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு மையவாடிப் பாதையில் குனிந்து குனிந்து போனார்கள். பூப்போட்ட குடை, பிள்ளைகளின் குடை, ஒரு வங்கியின் விளம்பரக் குடை. மெசின்காரர் மூவரும் மெசினை அணைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நானும் மிஸ்ஸும் ட்ரெக்டர் பெட்டியில். "ரெண்டு தட்டு போதும்! மூணாவது வேணாம்!" என்று கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது.

பிறகுதான் கூடுகளின் பிரச்சினை. புழுவைத் தட்டி விழுத்தலாம், கூட்டை முடியாது. அது தண்டோடு கட்டப்பட்டிருக்கிறது. தட்டினால் கூடு சிதையும்.

"தண்டோட வெட்டுங்க," என்றார் மிஸ். "கூடு சாப்பிடாது. செடி காய்ஞ்சாலும் அதுக்குக் கவலை இல்ல. ஆடாம நிக்க ஒரு கம்பு, கொஞ்சம் நிழல், அவ்வளவுதான். எங்கயாவது நட்டு விடுங்க."

உள்ளே பொடியன்மார் கூடு நின்ற தண்டுகளை வெட்டி எடுத்தார்கள். அங்கே நின்ற மரைக்கார்தான் முதலில் ஒரு தண்டை வாங்கினார். பக்கத்துக் கபுரின் தலைமாட்டில், அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டைக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் மண்ணைக் கிளறி, அதை நட்டார். அடக்கம் முடிந்த கையோடு பச்சைக் கொப்பு நடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொருவரும் யாராவது ஒருவருக்காக அதைச் செய்திருப்பார்கள். எவ்வளவு ஆழம், எப்படி மண்ணை அமத்துவது என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டுக்கு அடிபாடு தொடங்கியது.

"நிஸ்தார் காக்கா, எங்கட உம்மாக்கு ஒண்டு தாங்க."

"உங்கட உம்மாக்கு ரெண்டு வைச்சாச்சு. எங்கட மூத்தாப்பாக்கு இன்னும் ஒண்டும் இல்ல."

"டேய், அந்தக் கம்ப நேரா வை. பூச்சி சரிஞ்சா வெளிய வரும்?"

என் வாப்பாவின் கபுர் கிழக்கு மூலையில் என்று தெரியும். கண்டதில்லை. மதிலில் இருந்து பார்த்தால் வேப்பமரம் மறைக்கும். நிஸ்தார் ஒரு தண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வரும்போது என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

அதன் பிறகு மெசின்கள் பாதையை வெட்டின. பாம்பு ஒன்றும் அகப்படவில்லை, ஒரு பாம்புச் சட்டை மட்டும் கிடைத்தது. அதைத் தடியில் தூக்கி எனக்குக் காட்டி, "இதையும் எண்ணு!" என்றார் நிஸ்தார்.

எல்லாம் பிழைத்தன என்று சொன்னால் பொய். சில கூடுகளை எறும்பு தின்றது. சில கறுத்து, பக்கத்தில் துளை விழுந்து, உள்ளே இருந்து குளவிக் குஞ்சு வந்தது. புழுக்களில் எத்தனை அந்த முற்றிய இலையை ஏற்றுக்கொண்டன என்றும் தெரியாது. ஆனால் அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை, எண்ணும் நாளன்று, நானும் மிஸ்ஸும் மதிலடிக்குப் போனபோது, மையவாடிக்கு மேலே மஞ்சள் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு சொல் எனக்கு வரவில்லை. ஒவ்வொரு மீசான் கட்டைக்கு மேலும் ஒன்று எழும்பியது, ஒன்று இறங்கியது. ஏழு வருடத்தில் நான் அப்படிக் கண்டதில்லை. குதிக்காலை உயர்த்தி, மூச்சைப் பிடித்து எண்ணத் தொடங்கினேன்.

"எண்ணாத மகள்," என்றார் மிஸ்.

"ஏன் மிஸ்?"

"நாம கை வைச்சிட்டம். கை வைச்சத எண்ணினா அந்தக் கணக்குப் பொய். இந்தக் கிழமை இந்தப் பாதைக்கு வெறும் கோடு போடு."

எனக்கு ஆத்திரம் வந்தது. வாதாடினேன். மிஸ் அசையவில்லை. பிறகு மெதுவாக எனக்கும் விளங்கியது. விளங்கியதும் கழுத்து தானாகத் திரும்பியது, முன்னுக்கு, பின்னுக்கு, பக்கத்துக்கு. பெட்டி இல்லை, கணக்கு இல்லை. மிஸ்ஸும் திரும்பித் திரும்பித்தான் பார்த்தார்.

பிள்ளைகளே, நீங்கள் பழைய கணக்கைத் திறந்தால் அந்த இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நிஸ்தாரும் கழகத்து ஆட்களும் மரைக்காரும் வந்தார்கள்.

"எத்தின?" என்றார் நிஸ்தார், வந்த கையோடு.

"எண்ணல்ல."

"என்ன? முப்பது பேர் வெயிலுக்குள்ள குடைய மல்லாத்திக்கொண்டு நிண்டம், நீ எண்ணல்லயா?"

விளக்கம் சொல்லி முடிக்கும்வரை அவர் நிற்கவில்லை. எல்லோரும் மையவாடிக்குள்ளே போய்விட்டார்கள். தாங்களே எண்ணத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு உள்ளே சத்தம்.

"எங்கட உம்மாட பக்கம் மட்டும் ஆறு!"

"அது எங்கட மூத்தாப்பாட பக்கத்தால எழும்பி வந்த. உன்ட இல்ல."

"என்ட கண்ணால கண்ட நான்!"

"சண்ட புடிக்காதீங்கடா," என்றார் மரைக்கார். மதில் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க படிச்ச ஆள். ஆர்ட வண்ணாத்தி எது எண்டு இவனுகளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லுங்க."

மிஸ் குதிக்காலை உயர்த்தினார், நாடியை மதிலில் வைத்தார். கனநேரம் பார்த்தார்.

"எனக்கு இவடத்த இருந்து மஞ்சள் மட்டும்தான் தெரியுது மரைக்கார்," என்றார். "ஆர்ட எண்டு தெரியல்ல."